சேற்றில் சக்கரம்

வஹகோட்டை புனித அந்தோனியார் திருவிழா நெரிசலில் சக்கர நாற்காலி தள்ளியவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். அந்தப் பாட்டைக் குறைக்க, ஜேர்மனியின் வாக்கன் கிராமத்தில் 1990 முதல் நடக்கும் ஹெவி மெட்டல் இசை விழாவில், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு கூடார முகாம் உண்டு. பெயர் 'வீல்ஸ் ஒஃப் ஸ்டீல்'. சாக்ஸன் இசைக்குழுவின் 1980ஆம் ஆண்டு இசைத்தட்டுக்கும் இதே பெயர்தான்! கூட்டத்துக்கு மேலாக மேடையைப் பார்க்க உயர்ந்த தளமும் இருக்கிறது.

ஆனால் மழை யார் சொல் கேட்கும்? 2023இல் திடல் சேறாகி, வந்துகொண்டிருந்த பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. சேற்றில் முதலில் புதைவது சிறிய முன்சக்கரம். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள்; இலகுவாக நகரும். வாக்கனிலும் சரி, வஹகோட்டையிலும் சரி!