வகுப்பறையில் மெய்ந்நிகர்த் தோற்றம்

இரு கண்களும் ஒரே பொருளை நோக்கினும் ஒரே உருவைக் காண்பதில்லை. ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் இடைவெளியில் அமைந்த அவை சிறிது வேறுபட்ட இரு விம்பங்களைப் பெறுகின்றன; மூளை அவற்றை ஒன்றாக்கும்போது பொருளின் ஆழம் புலனாகின்றது. 1838ஆம் ஆண்டில் இதனை விளக்கியவர் இங்கிலாந்து அறிஞர் சாள்ஸ் உவீற்ஸ்ரன். தளவாடிகள் இரண்டைக் கொண்டு அவர் ஆக்கிய திண்மக்காட்டியே இன்றைய மெய்ந்நிகர்த் தோற்றக் கருவிக்கு மூதாதை எனலாம்.

இத்தகைய கருவி பாடசாலை புகுவதும் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் கீஸ்ரோன் வியூ நிறுவனம் 600 திண்மப் படங்கள் கொண்ட தொகுதியொன்றைப் பாடசாலைகளுக்கென வெளியிட்டது. ஆசிரியர்க்குரிய கைந்நூலும் உடன் வந்தது. படம் தானே பாடமாகிவிடாது என்பதை அவ்வணிகர் உணர்ந்திருந்தனர் போலும்!

ஆயினும் பார்ப்பவன் தலையைத் திருப்பினால் அப்படம் மாறாது. இக்குறையை நீக்க முயன்றவர் ஐவன் சதலண்ட். 1968இல் அவர் வெளியிட்ட தலையணிகருவி, தலையின் அசைவை அளந்து, அதற்கேற்பக் கணினியைக் கொண்டு காட்சியை மீள வரைவித்தது. கூரையிலிருந்து தொங்கிய பொறியொன்றுடன் அது பிணைக்கப்பட்டிருந்தது, காட்டியனவோ வெறுங்கோட்டுருவங்களே. 2014இல் கூகிள் நிறுவனம் அறிமுகஞ்செய்த மட்டைப்பெட்டி, கைத்தொலைபேசியையே அத்தகைய கருவியாக்கியது. அதனைத் தொடர்ந்து பாடசாலைகளுக்கென அந்நிறுவனம் அமைத்த கல்விச்சுற்றுலாச் சேவை 2021இல் நிறுத்தப்பட்டது. அதனை நம்பிப் பாடம் வகுத்த ஆசிரியர் வேறு வழி தேட நேர்ந்தது.

இனி, இக்கருவியால் மாணவன் மிகுதியாகக் கற்கின்றானா என்பதே வினா. வானூர்தி ஓட்டுதல் போன்ற செய்தொழிற் பயிற்சிக்குப் போலிச் சூழல் பெரிதும் உதவும். எட்வின் லிங்க் என்பார் 1929இலேயே அதற்கெனப் பொறியொன்று செய்தார். கருத்துக்களைக் கற்பிப்பதோ வேறு. 2019இல் வெளியான ஆய்வொன்றில் 52 பல்கலைக்கழக மாணவர் போலி ஆய்வுகூடமொன்றிற் பயின்றனர். தலையணிகருவி வழியாகப் பயின்றபோது அங்கேயே நிற்பதான உணர்வு மிகுந்தது. கற்றதோ சாதாரணக் கணினித் திரையிற் பயின்றபோது கற்றதிலும் குறைந்தது. காட்சியின் கவர்ச்சி கருத்துக்குரிய கவனத்தைப் பறித்துக்கொள்ளும் என்பது வியப்பன்று. கண் சோர்வும் ஒரு தடை: வில்லை வழியே தெரியும் திரை ஒரே தூரத்தில் நிற்க, கண்களோ பல்வேறு தூரங்களுக்கேற்பக் குவிய வேண்டியுள்ளன.

கலிபோர்ணியாவில் நிகழ்ந்து 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு ஆசிரியர்க்கு மிகவும் பயன்படுவது. குருதியோட்டத்தினூடே செல்வதாக அமைந்த மெய்ந்நிகர்ப் பாடத்திலும், எளிய படவரிசையைப் பார்த்தவரே நன்கு கற்றனர். ஆனால் அம்மெய்ந்நிகர்ப் பாடத்தையே பகுதி பகுதியாக நிறுத்தி, ஒவ்வொன்றின் பின்னரும் கண்டதைச் சுருக்கியெழுதச் செய்தபோது, இடைநிறுத்தமின்றிப் பார்த்தவரினும் மாணவர் கூடுதலாகக் கற்றனர்.