முலாமும் படிவும்: துத்தநாக ஆக்சைடு மென்படலங்களும் கலைச்சொல் தேர்வும்

அறிவியல் கலைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அகராதிப் பொருளை மட்டும் கருதுதல் போதாது. அச்சொல் சுட்டும் நிகழ்வின் இயல்பையும் கருதுதல் வேண்டும். மின்னோட்டத்தால் உருவாக்கப்படும் துத்தநாக ஆக்சைடு மென்படலங்களின் ஒளியியல் பண்புகளைத் தமிழில் விளக்க முற்படும்போது இத்தேவை நன்கு புலனாகிறது.

மேற்கு வங்காளத்தின் ஹவுரா, வார்ப்படச் சாலைகளும் பொறியியல் பட்டறைகளும் மிகுந்த நகரம். வங்காள மொழியில் 'தஸ்தா' எனப்படும் துத்தநாகம், பட்டறையினருக்கு இரும்பைத் துருவினின்று காக்கும் பூச்சு. அந்நகரின் சிபூரில் 1880 முதல் இயங்கிவரும் பொறியியல் கல்லூரி, 2014இல் இந்தியப் பொறியியல் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்னும் நிலையை எய்தியது. இத்தகைய நிறுவனங்களின் ஆய்வுக்கூடத்தில் அதே துத்தநாகம், ஆக்சைடு வடிவில், ஒளியியல் ஆய்வுக்குரிய பொருளாகிறது. பட்டறைச் சொல்லை ஆய்வுக்கூடத்திற்கு அப்படியே கொண்டுசெல்லலாமா என்பதே வினா.

உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுப்பது 'கால்வனைசிங்'. இத்தாலிய அறிஞர் கால்வானியின் பெயரால் அது வழங்கினும், அதில் மின்னோட்டம் செலுத்தப்படுவதில்லை. மின்முலாம் பூசுதலில், எதிர்மின்வாயை அடையும் துத்தநாக அயனி எலெக்ட்ரான்களைப் பெற்று உலோகமாகிறது. ஆக்சைடு படிவதோ வேறுவகை. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இசாகியும் ஓமியும் வெளியிட்ட முறையில், துத்தநாக நைட்ரேட்டுக் கரைசல் பயன்படுகிறது. அங்கு எலெக்ட்ரான்களைப் பெறுவது நைட்ரேட்டு அயனியே. அதனால் எதிர்மின்வாயருகே ஹைட்ராக்சைடு அயனிகள் பெருகுகின்றன; துத்தநாக அயனி அவற்றுடன் சேர்ந்து, பின் நீரை இழந்து, ஆக்சைடாகப் படிகிறது. துத்தநாகம் உலோகமாவதில்லை. ஆகவே இதனை 'மின்முலாம்' என்பது பிழை. 'மின்படிவு' என்பதே ஏற்புடையது.

ஒளியியல் சொற்களிலும் இக்கவனம் தேவை. இப்படலம் 'ஒளிபுகும்' தன்மையது என்று மட்டும் எழுதினால் பொருள் நிறைவுறாது. எவ்வொளி என்பதையும் கூறுதல் வேண்டும். துத்தநாக ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 3.3 எலெக்ட்ரான் வோல்ட். இது ஏறத்தாழ 375 நானோமீட்டர் அலைநீளத்திற்கு இணையானது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் ஆற்றல் இதனினும் குறைவாதலால் அது பெரும்பாலும் ஊடுருவிச் செல்கிறது. 375 நானோமீட்டரினும் குறைந்த அலைநீளமுடைய புற ஊதா ஒளி உட்கவரப்படுகிறது. உட்கவரப்பட்ட ஆற்றலால் எலெக்ட்ரான், இணைதிறன் பட்டையிலிருந்து கடத்துப் பட்டைக்குத் தாவுகிறது. 'உறிஞ்சுதல்' என்பதினும் 'உட்கவர்தல்' இங்குச் சிறந்தது. ஒரு பொருள் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் 'பரப்புக்கவர்தலி'னின்று அது தெளிவாக வேறுபட்டு நிற்கும்.

இங்குக் குறிக்கப்பெறும் 'இடைவெளி' இடத்தைப் பற்றியதன்று, ஆற்றலைப் பற்றியது. படலத்தின் தடிமனும் படிகத் துகள்களுக்கு இடையிலான வெற்றிடமும் பேசப்படும் கட்டுரையில், அடையின்றி 'இடைவெளி' என்று எழுதினால் படிப்போர் மயங்குவர். எனவே 'ஆற்றல் இடைவெளி' எனச் சொல்தோறும் முழுமையாக எழுதுதல் நன்று.

சொல் பிழைப்பின் செய்முறையும் பிழைபடும். 'முலாம்' என்று படித்த மாணவர், ஒளிபுகும் ஆக்சைடை எதிர்பாராது பளபளக்கும் உலோகத்தையே தேடுவார். நிகழ்வில் எலெக்ட்ரானைப் பெறுவது எது, படிவது எது, ஊடுருவுவது எது என்று வினவிய பின்னரே மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தேர்தல் வேண்டும்.