கொம்பு வண்டுப் புழுவுக்கு என்ன சாப்பாடு?

ஜப்பானில் கோடை விடுமுறை வந்தால் குழந்தைகள் ஆசையாகக் கேட்பது ‘கபுதோமுஷி’ என்ற கொம்பு வண்டை. நம் ஊர் எருக்குழிகளில் கிடைக்கும் காண்டாமிருக வண்டுக்கு உறவுக்காரன்தான். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

கோடை முடியும்போது முட்டையிலிருந்து வரும் புழு, அடுத்த மே, ஜூன் வரை தன்னைச் சுற்றி இருப்பதைத் தின்றே வளர்கிறது. வண்டான பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. அதனால் டப்பாவில் எதை நிரப்புகிறோம் என்பது முக்கியம்.

வெறும் தோட்டத்து மண் போதாது. ஓக் போன்ற மரங்களின் தூளை நொதிக்க வைத்துக் கடைகளில் விற்கிறார்கள். பைன், தேவதாரு தூளில் பிசின் இருப்பதால் சரிப்படாது. அரைகுறையாக நொதித்த தூள் இன்னும் மோசம். ஈரம் பட்டதும் டப்பாவுக்குள்ளேயே சூடாகி, வாயு சேர்ந்துவிடும். புழு மண்ணுக்குள் போகாமல் மேலேயே கிடந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். அதனால், வாங்கியதும் பரப்பிச் சில நாள் ஆறவிடுவார்கள்.

ஈரம் பார்க்கக் கையே போதும். பிடித்தால் பிடிகொழுக்கட்டை மாதிரி நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது.

எச்சம் உருண்டை உருண்டையாக மேலே சேர்ந்தால் புதுத் தூள் போடுவார்கள், பழையதிலும் கொஞ்சம் கலந்து. ஆனால் மே மாதம் நெருங்கிவிட்டால் யாரும் கிளறுவதில்லை. கூட்டுப்புழுவாக மாற அது உள்ளே கட்டியிருக்கும் அறை இடிந்துவிட்டால், இறக்கை கோணிய வண்டுதான் மிஞ்சலாம்.