கொல்லிமலைக்கு ஒரு ஈ.ஈ.ஜி. டெக்னீஷியன்

அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கும் கொல்லிமலையின் வளப்பூர் நாட்டுக்கு, காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். சுற்றுலாப் பயணிகள் ஏறி வரும் இதே பாதையில்தான் மலையின் நோயாளிகள் இறங்குகிறார்கள். வலிப்பு வந்த ஒருவருக்கு “தலையில் ஒயர் வைத்து எடுக்கிற டெஸ்ட்” எழுதிக் கொடுக்கப்பட்டால், நரம்பியல் பிரிவு உள்ள நகர மருத்துவமனைக்கு அவர் போயாக வேண்டும். முந்தின இரவு பாதித் தூக்கமே தூங்க வேண்டும், தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளித்திருக்க வேண்டும், எண்ணெய் தொடக் கூடாது என்று நிபந்தனைகளும் உண்டு. தூக்கம் குறைந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். அந்த நிலையில் மலைப்பாதையில் பல மணி நேரப் பயணம் என்பது சின்ன விஷயம் அல்ல.

ஈ.ஈ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவைப் பற்றிப் பேசும்போது இயந்திரத்தைப் பற்றியும் மருத்துவரைப் பற்றியும் பேசுகிறோம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் டெக்னீஷியனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நரம்பியல் மருத்துவர் பார்ப்பது அவர் பதிந்து கொடுத்ததைத்தான். பதிவு பிழையானால் நோயறிதலும் தடம் மாறும்.

ஜெனாவிலிருந்து வேலூருக்கு

மனித மூளையின் மின்னலைகளை முதலில் பதிந்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர். ஜெனா நகரில் 1924-இல் அந்தப் பதிவைச் செய்தவர், ஐந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்துவிட்டு 1929-இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது தலையின் பின்பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 முறை எழுந்து விழும் ஆல்ஃபா அலையை அடையாளம் கண்டவரும் அவரே. 1935-இல் அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர், குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பில் நொடிக்கு மூன்று முறை கூர்முனை அலைகள் தோன்றுவதைக் காட்டினார்கள். வலிப்பு மூளையின் மின் செயல்பாட்டில் ஏற்படும் கோளாறு என்பது அதன்பின் கண்ணால் பார்க்கக்கூடிய உண்மையானது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952-இல் அங்கே வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சையும் செய்தார். அவரும் சென்னையின் பி. ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். பென்ஃபீல்டோடு மான்ட்ரியலில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் வெளியிட்ட தலை அளவு முறையைத்தான் இன்றும் உலகெங்கும் ஈ.ஈ.ஜி. அறைகளில் பின்பற்றுகிறார்கள்.

டேப்பில் தொடங்கும் வேலை

அந்த முறைக்கு ‘பத்து-இருபது’ என்று பெயர். மூக்கின் வேரில் உள்ள பள்ளத்திலிருந்து பிடரி எலும்பின் மேடு வரை டெக்னீஷியன் டேப் வைத்து அளக்கிறார். அந்த நீளம் 36 செ.மீ. என்றால், அதில் பத்து சதவீதமான 3.6 செ.மீ. தூரத்தில் முதல் புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகள் இருபது சதவீதமான 7.2 செ.மீ. இடைவெளியில் வரும். காதிலிருந்து காது வரையும், தலையைச் சுற்றியும் இதே கணக்கு. தலை பெரிதானாலும் சிறிதானாலும், ஒவ்வொரு மின்முனையும் மூளையின் அதே பகுதிக்கு மேலே அமைகிறது. மொத்தம் 21 மின்முனைகள். இடப்பக்கத்தவற்றுக்கு ஒற்றைப்படை எண், வலப்பக்கத்தவற்றுக்கு இரட்டைப்படை எண். இரண்டு ஒயர்களை இடம் மாற்றிச் செருகிவிட்டால், வலப்பக்கக் கோளாறு இடப்பக்கத்தில் இருப்பதாகத் திரையில் தெரியும்.

தலையோட்டைத் தாண்டி உச்சந்தோலுக்கு வந்து சேரும் மூளை மின்னழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியோடு ஒப்பிட்டால், 50 மைக்ரோவோல்ட் என்பது அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய மின்னழுத்தத்தைப் பிடிக்க, தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான மின்தடை மிகக் குறைவாக இருக்க வேண்டும். 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவருவது வழக்கம். எண்ணெய் பூசாமல் வரச் சொல்வது இதற்காகத்தான். தோலை மெல்லத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை வைத்து மின்முனையை ஒட்டுகிறார்கள். இயந்திரம் மூளையிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அளக்கிறதே தவிர, உடலுக்குள் எந்த மின்சாரத்தையும் செலுத்துவதில்லை. “ஷாக் அடிக்குமா?” என்று பயந்து வரும் பாட்டிக்கு அதை எடுத்துச் சொல்லி அமைதிப்படுத்துவதும் டெக்னீஷியனின் வேலைதான். பயத்தில் தாடையை இறுக்கிக்கொண்டால், தசையின் மின்னழுத்தம் மூளை அலையை மூடிவிடும்.

பதிவில் மூளையிலிருந்து வராத அலைகளும் கலக்கும். கண் இமைத்தால் நெற்றிப்பக்க மின்முனைகளில் பெரிய அலை எழும். வியர்த்தால் கோடு மெல்ல மேலும் கீழும் அலையும். இதயத்துடிப்பும் சில நேரம் உள்ளே புகும். எர்த்திங் சரியில்லாத கட்டடத்தில், மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு பதிவு முழுக்கப் படரும். எது மூளை, எது இரைச்சல் என்று அந்த நேரத்திலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யத் தெரிந்தவரே நல்ல டெக்னீஷியன். நோயாளி வீட்டுக்குப் போனபிறகு இதைச் சரிசெய்ய முடியாது.

‘மயில்’ என்ற சோதனை

குறைந்தது இருபது நிமிடம் தெளிவான பதிவு வேண்டும். அதற்குள் சில தூண்டல்கள் உண்டு: மூன்று நிமிடம் வேகமாக மூச்சு இழுத்து விடுவது, வெவ்வேறு வேகத்தில் மின்னும் விளக்கைக் காட்டுவது, முடிந்தால் தூங்க விடுவது.

வகுப்பில் அடிக்கடி சில நொடிகள் வெறித்துப் பார்த்து நிற்கும் குழந்தையை, கவனமில்லாத பிள்ளை என்று ஆசிரியர் திட்டியிருக்கலாம். அந்தக் குழந்தையின் கையில் ஒரு காற்றாடியைக் கொடுத்து, “நல்லா ஊது கண்ணு” என்கிறார் டெக்னீஷியன். திடீரென்று நொடிக்கு மூன்று அலைகள் திரையில் வரிசைகட்டி வருகின்றன. குழந்தை ஊதுவதை நிறுத்திவிடுகிறது. அந்தக் கணத்தில் அவர் “மயில்” என்று ஒரு சொல்லைச் சொல்கிறார். அலை அடங்கியபின், “நான் என்ன சொன்னேன்?” என்று கேட்கிறார். குழந்தைக்குத் தெரியவில்லை என்றால், அந்த நொடிகளில் நினைவு தப்பியிருந்தது என்று குறித்துவைக்கிறார். மருத்துவருக்கு அந்த ஒரு வரிக் குறிப்பு பெரிய சான்று.

எல்லோரையும் இப்படி மூச்சு வாங்கச் சொல்லிவிடவும் கூடாது. அண்மையில் பக்கவாதம் வந்தவர்கள், கடுமையான இதய, நுரையீரல் நோயாளிகள், அரிவாள் உயிரணு நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது ஆபத்து. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் உயிரணு நோய் இருப்பது அறிந்ததே. மலைவாழ் மக்களைச் சோதிக்கும் டெக்னீஷியன் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டாக வேண்டும்.

படிப்பும் எல்லையும்

இதற்கான படிப்புகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. நியூரோ எலெக்ட்ரோபிசியாலஜி பட்டப்படிப்பு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவையும் இந்தத் துறைக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கின்றன. உடற்கூறு, உடலியங்கியல், மின்னணுவியல், கருவிகள், தொற்றுத் தடுப்பு ஆகியவற்றோடு நரம்பு, தசைச் சோதனைகளும் தூக்க ஆய்வும் பாடத்தில் வரும். படித்து முடித்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் மூளை அலையைக் கண்காணிக்கலாம். வலிப்பு வரும்வரை வீடியோவோடு தொடர்ந்து பதியலாம். முதுகுத்தண்டு அறுவையின்போது நரம்புகளின் நிலையை உடனுக்குடன் அறுவை மருத்துவருக்குச் சொல்லலாம்.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், ஈ.ஈ.ஜி. டெக்னாலஜிஸ்ட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. துணைநிலைத் தொழிலர் என்று பதிவுபெற, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வேலைக்கு வந்த ஒருவருக்குச் சில வாரம் காட்டிக் கொடுத்துவிட்டு இயந்திரத்தை ஒப்படைக்கும் பழக்கத்துக்கு இது முடிவுகட்ட வேண்டும்.

டெக்னீஷியன் தாண்டக் கூடாத கோடும் உண்டு. பதிவதும், பதிவின்போது நடந்ததை எழுதுவதும், வலிப்பு வந்தால் முதலுதவி செய்வதும், அபாயமான அலைகளைக் கண்டால் உடனே மருத்துவரைக் கூப்பிடுவதும் அவர் பொறுப்பு. நோயின் பெயரைச் சொல்வதும், மாத்திரையை மாற்றுவதும், “எல்லாம் நார்மல்தான் அண்ணா” என்று வாசலில் சொல்லி அனுப்புவதும் அவர் வேலை அல்ல. வலிப்பு நோய் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி.யில் எதுவும் தெரியாது. அந்த ஒரு சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர், மிளகு பறிக்க மரத்தில் ஏறி நிற்கும்போது நினைவிழந்தால் என்ன ஆகும்?

மலையில் இருக்க வேண்டியது எது?

வேலூர் மாவட்டத்தில் சுமார் 50,000 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியான கணக்கெடுப்பில், ஆயிரத்துக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பன்றி நாடாப்புழுவின் லார்வா மூளையில் தங்கியதே காரணம். (அதைக் கண்டறிய ஸ்கேன் வேண்டும்; ஈ.ஈ.ஜி. மட்டும் போதாது.) அதே விகிதம் கொல்லிமலைக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 40,000 பேர் வாழும் இந்த மலையில் 160 பேருக்கு வலிப்பு இருக்கலாம். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால், வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நரம்பியல் மருத்துவர் ஒருவரை மலையிலேயே குடியமர்த்துவது கடினம். ஆனால் இன்றைய ஈ.ஈ.ஜி. இயந்திரம் ஒரு லேப்டாப்பும் சிறு பெட்டியுமாகச் சுருங்கிவிட்டது. பதிவு ஒரு கோப்புதான். இணையம் வழியே சேலத்துக்கோ சென்னைக்கோ அனுப்பிவிடலாம். மருத்துவர் அங்கிருந்தே படித்து அறிக்கை தரலாம். தலையை அளந்து, மின்முனை ஒட்டி, இரைச்சலை விலக்கி, குழந்தையிடம் “மயில்” என்று சொல்லும் வேலையை மட்டும் தொலைவிலிருந்து செய்ய முடியாது. நோயாளி இருக்கும் இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

அவர் கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடிச் சமூகத்திலிருந்தே வரலாம். மலை மக்களின் பேச்சு அவருக்குத் தெரியும். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும் என்று அவர் சொன்னால் ஊரார் கேட்பார்கள்.

நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மலைமேல் உள்ள செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மக்கள் நல்வாழ்வுத் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் சேர்ந்து, கொல்லிமலையில் அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ முடிக்கும் மாணவர் ஒருவரை உதவித்தொகை தந்து இந்தப் படிப்புக்கு அனுப்ப வேண்டும். படித்து வந்ததும் செம்மேட்டிலேயே அவருக்குப் பணியிடமும் ஓர் இயந்திரமும் தர வேண்டும். மலைப் பள்ளிகளில் படிக்கும் தம்பி தங்கைகளே, மருத்துவத் துறை என்றால் டாக்டரும் நர்ஸும் மட்டுமல்ல. இந்தப் படிப்பைப் பற்றி உங்கள் ஆசிரியரிடம் இந்த ஆண்டே கேளுங்கள்.