பரீட்சைத் தாள் ஏன் முடியவில்லை?

மணி அடித்துவிட்டது. இரண்டு பேர் தாளில் பாதிதான் இருக்கு. ‘சோம்பேறி’ என்று இரண்டு பேருக்கும் ஒரே திட்டு. ஆனால் காரணம் வேறாக இருக்கலாம்.

ஒருத்திக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் துறுதுறுப்பும் இருக்கலாம். மூன்றாவது கணக்கிலேயே வெளியே காக்கா கத்தினால் மனசு அங்கே போயிடும். இது 12 வயதுக்கு முன்பே தெரிய ஆரம்பிக்கும். ஓடி ஆடும் பசங்க சீக்கிரம் கண்ணில் படுவாங்க. அமைதியாகக் கனவு காணும் பெண் பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை.

இன்னொருத்திக்கு ஓ.சி.டி., எண்ணச் சுழற்சி நோய் இருக்கலாம். அவள் கவனம் ஓடவில்லை, ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது. ‘தப்பா எழுதிட்டேனோ’ என்று அழித்து அழித்து எழுதுவாள். சரி என்று தெரிந்தாலும் நிறுத்த முடியாது. (சுத்தமா இருக்கிறவங்களை ஓ.சி.டி. என்று கிண்டல் செய்கிறோமே, அது வேறு. அவங்க பிடிச்சு செய்றாங்க, இவள் பயந்து செய்கிறாள்.)

குழப்பம் எங்கே வருது? எண்ணத்தில் மாட்டியவள் டீச்சர் கேட்டால் திருதிருவென முழிப்பாள், கவனமில்லாதவள் போலவே. ஏ.டி.எச்.டி. உள்ளவள் மறந்திடுவோமோ என்று பையைப் பத்து தடவை பார்ப்பாள், ஓ.சி.டி. போலவே. சிலருக்கு இரண்டுமே உண்டு.

மருந்தும் வேறு, பயிற்சியும் வேறு. ஒருத்திக்கு வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கணும். மற்றவளுக்கு, பயம் வந்தாலும் திரும்பப் பார்க்காமல் இருக்கப் பழக்குவார்கள். எது என்று மனநல டாக்டர்தான் சொல்ல முடியும். 2022 முதல் 14416 என்ற இலவச எண் இருக்கு, தமிழிலேயே பேசலாம்.