கடலோரம் 26 கிலோமீட்டர்

சிட்னியில் டிரெயில் ரன்னிங் என்னும் காட்டு ஓட்டம் பழகுகிறவர்களிடம் எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் "ராயல்" என்பார்கள். ராயல் தேசியப் பூங்காவின் செல்லப்பெயர் அது. நகரத்தின் தெற்கு எல்லையில் கடலை ஒட்டி ஏறத்தாழ 15,000 ஹெக்டேருக்கு விரிந்த காடு. 1879-இல் இதை ஒதுக்கியபோது 'தேசியப் பூங்கா' என்று மட்டும்தான் பெயர். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனுக்கு அடுத்து அந்தப் பெயரைப் பெற்றது இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எலிசபெத் ராணி 1954-இல் வந்துபோன பிறகு, மறுவருடம் 'ராயல்' சேர்ந்தது. அதற்கெல்லாம் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே இது தராவல் மக்களின் மண். பண்டீனாவுக்குப் பக்கத்தில் ஜிப்பன் முனையில் அவர்கள் பாறையில் செதுக்கிய திமிங்கிலமும் கங்காருவும் இன்றும் இருக்கின்றன.

பூங்காவுக்குள் ஓடுதடங்கள் பல. எல்லாரும் பேசுவது வடக்கே பண்டீனாவில் தொடங்கித் தெற்கே ஆட்ஃபோர்டு வரை போகும் கடலோரத் தடத்தைப் பற்றி. நீளம் 26 கிலோமீட்டர். நடப்பவர்கள் நடுவில் நார்த் ஈராவில் கூடாரம் போட்டு இரண்டு நாளில் முடிப்பார்கள். தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கு மூன்று மணி நேரம் போதும். எனக்குப் போதாது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மாரத்தானில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலான தூரம்தானே என்று தார்ச்சாலைக் கணக்கோடு வருகிறவர்கள் இங்கே திணறிப்போவார்கள். தார்ச்சாலையில் வேகத்தை நாம் வைத்துக்கொள்ளலாம். இங்கே அதைத் தரைதான் வைக்கும், அதுவும் அரை மணிக்கு ஒரு தரம் மாற்றி மாற்றி.

என்னைப் பழக்கியவர் எங்கள் ஓட்டக் குழுவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அறுபதை நெருங்குகிறவர். முதல் ஏற்றத்திலேயே நான் மூச்சிரைக்க ஓடுவதைப் பார்த்து, "ஏறேக்க நட பிள்ளை, இறங்கேக்க ஓடலாம்" என்றார். காட்டு ஓட்டத்தின் பாதிப் பாடம் அதுதான். ஏற்றத்தில் கையைத் தொடையில் ஊன்றி விறுவிறுவென்று நடப்பதை இங்கே யாரும் கேவலமாக நினைப்பதில்லை.

கிரனல்லாவில் படகேறி பண்டீனாவில் இறங்கினால் முதலில் வருவது மணற்பாறை. ஏறக்குறைய 24 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மாபெரும் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகி ஆன பாறை இது. ஈரமில்லாத நாளில் காலணியை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஓட இதைவிட நல்ல தரை கிடையாது. இடப்பக்கம் தடுப்பு எதுவும் இல்லாத செங்குத்துச் சரிவு, கீழே கடல். பார்வையைத் தரையிலேயே வைத்திருக்க வேண்டும். திமிங்கிலம் பார்க்க ஆசை வந்தால் நின்று பார்த்துவிட்டு ஓடுவது நல்லது. ஜூன், ஜூலையில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வடக்கே போகும், செப்டம்பருக்குப் பிறகு குட்டிகளோடு திரும்பி வரும்.

இந்தப் பகுதியில்தான் 'வெட்டிங் கேக் ராக்' என்ற வெள்ளைப் பாறை இருக்கிறது. பாறையில் இருந்த இரும்புச்சத்து கரைந்துபோனதால் வந்த வெளுப்பு. விளிம்பில் நின்று படம் எடுக்கக் கூட்டம் மொய்த்தது. அடிப்பக்கம் குடைந்துபோய் எப்போது வேண்டுமானாலும் சரியலாம் என்று 2015-இல் நிபுணர்கள் சொன்ன பிறகு வேலி போட்டார்கள். வேலியைத் தாண்டி நிற்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அபராதம் போதவில்லை என்பது என் கட்சி.

மார்லி கடற்கரையில் மணல். அலை நனைத்து இறுகிய ஓரமாகப் போனால் கால் தப்பும்; உலர்ந்த மணலில் இறங்கினால் கெண்டைக்கால் கெஞ்சும். குளிக்க நல்ல கரை இல்லை, இழுப்பு அதிகம். அதைத் தாண்டி வாட்டமோலா: ஒரு குளம்போல உப்பங்கழி, அதன் தலைமாட்டில் அருவி. 1796-இல் ஜார்ஜ் பாஸும் மேத்யூ ஃபிளிண்டர்ஸும் ஒரு சின்னஞ்சிறு படகில் புயலுக்குப் பயந்து ஒதுங்கியது இந்தக் குடாவில்தான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கபாப் புகையும் குழந்தைகளுமாக இருக்கும். சாலை வருகிற இடம் என்பதால், தண்ணீரும் மாற்றுக் காலுறையும் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்துகொள்ள இது வசதி. வழியில் ஓடும் ஓடைகளை நம்பிப் புறப்படக் கூடாது. குடிக்க வேண்டியது முழுவதும் முதுகில் இருக்க வேண்டும்.

அடுத்து மேட்டுநிலம். இடுப்பளவு புதர், அடியில் நீர் கசியும் சதுப்பு. முன்பெல்லாம் மழை பெய்தால் தடம் சேறாகிவிடும். வருகிறவர்கள் சேற்றில் கால் வைக்காமல் ஓரத்துப் புதரை மிதித்துப் போவார்கள், தடம் அகலும், அடுத்தவர் இன்னும் ஓரமாகப் போவார். இப்போது நெடுந்தூரத்துக்குக் கண்ணி கண்ணியாகத் துளையிட்ட பலகைகளைத் தரைக்கு மேலே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். வெயிலும் மழையும் துளை வழியே இறங்குவதால் அடியில் செடி வளர்கிறது. பழைய ஓட்டக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்காது, காட்டைப் பிளாட்பாரம் ஆக்கிவிட்டார்கள் என்பார்கள். சொரசொரப்பான கண்ணியில் விழுந்தால் முழங்கால் தோல் மிஞ்சாது என்பதும் உண்மைதான். இருந்தாலும் இந்தத் தகராறில் நான் பலகையின் பக்கம். செடிகளை மிதித்து உண்டாகும் தடத்தில் ஓடுவதைவிட முழங்காலைப் பணயம் வைப்பது மேல்.

இந்தப் புதர்க்காடு நெருப்போடு வாழப் பழகியது. 1994 ஜனவரியில் பூங்காவின் 90 விழுக்காட்டுக்கு மேல் எரிந்தது. பாங்ஸியாவின் கட்டைக்காய்கள் பெரும்பாலும் தீயில் வெந்த பிறகுதான் வாய் திறந்து விதையை விடுகின்றன. கைமியா லில்லி தீக்குப் பிறகு அள்ளிப் பூக்கும். ஆளுயரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு தண்டின் உச்சியில் செக்கச்சிவந்த பூங்கொத்து. அதற்காக நெருப்பு நாளில் யாரும் ஓடப் போவதில்லை. தீ அபாயம் கடுமையாகும் நாட்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். கோடையில் போகிறவர்கள் முந்தைய மாலையே அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

கேரி கடற்கரைக்குச் செங்குத்தாக இறங்கியதும் தரையின் குணமே மாறிவிடும். மணற்பாறை போய்க் களிப்பாறையும் புல்மேடுகளும் வரும். ஈரா கடற்கரைகளை ஒட்டி, 1930-களின் பஞ்சகாலத்தில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்கள் உள்ளிட்டோர் தகரத்தாலும் பலகையாலும் கட்டிய குடில்கள் வரிசையாக நிற்கின்றன. சாலை கிடையாது, சாமான் எல்லாம் தோளில்தான். இடித்துவிடத் துடித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அவை பாரம்பரியச் சின்னம். இந்த மேடு பள்ளங்களில்தான் அக்காவின் பாடம் உதவும். களைத்த தொடையோடு ஒன்றை ஏறி இறங்கினால் அடுத்தது நிற்கும்.

பர்னிங் பாம்ஸுக்குத் தெற்கே, பாறைத்தட்டில் எட்டு வடிவத்தில் குழிந்த குளங்கள் இருக்கின்றன. தடத்தை விட்டு விலகிப் போக வேண்டும். திடீர் அலை ஆட்களை வாரிப் பாறையில் அடித்திருக்கிறது. அலை அபாயத்தை முன்கூட்டிச் சொல்லும் பக்கத்தைப் பூங்காத் துறை நடத்துகிறது. ஓட்டத்தின் நடுவே அங்கே போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடைசியாகப் பனங்காடு. நம்மூர்ப் பனை இல்லை, கேபேஜ் பாம் என்ற ஈரக்காட்டு மரம். வெயில் உள்ளே வராது. வேரும் சேறும் வழுக்குக் கல்லுமாக இருக்கும் தரையில் ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காலடியில் அட்டை. மழைக்குப் பிறகு போனால் காலுறைக்குள்ளேயே குடித்தனம் வந்துவிடும். அங்கிருந்து ஒரே ஏற்றமாக ஏறினால் ஆட்ஃபோர்டு, ரயில் நிலையம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தத் தடத்துக்கு அவசரப்பட வேண்டாம். பூங்காவுக்குள்ளேயே ஆட்லி என்ற இடத்திலிருந்து ஹேக்கிங் ஆற்றங்கரையோடு போகும் லேடி கேரிங்டன் டிரைவ் இருக்கிறது. 1880-களில் குதிரை வண்டிக்குப் போட்ட வழி, இன்று கார் கிடையாது. ஒரு பக்கம் சுமார் 10 கிலோமீட்டர், பெரிய மேடு இல்லை, நல்ல நிழல். அதிகாலையில் போனால் யாழ்ப்பறவை மற்ற பறவைகளின் குரலை ஒவ்வொன்றாகக் கூவிக் காட்டும்.

எங்கள் குழு கடலோரத் தடத்தை எப்போதும் வடக்கிலிருந்து தெற்காகவே ஓடும். காரணம் காற்றோ வெயிலோ அல்ல. ஆட்ஃபோர்டை அடுத்த ஹெலன்ஸ்பர்க்கில் சிட்னித் தமிழர்கள் எல்லாரும் அறிந்த வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. வார இறுதியில் அதன் கேன்டீனில் தோசை கிடைக்கும். மாற்றுடையும் துண்டும் முன்கூட்டியே யாராவது ஒருவர் காரில் கொண்டுவந்துவிடுவார். அக்கா மட்டும் வண்டியிலேயே இரண்டு காலுறைகளையும் உதறிப் பார்க்காமல் யாரையும் வாசலுக்குள் விடமாட்டார். "கோயிலுக்குள்ள அட்டையைக் கொண்டு போகாதேங்கோ" என்பார்.