படிக்கும் பிள்ளைக்கு வரிக் கழிவு உண்டு, கேட்டீர்களா?

மகள் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுகிறாள். லயமே திரண்டு வந்து வாழ்த்துகிறது. அம்மா தன் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துப் பெட்டியும் துணிமணியும் வாங்கியிருக்கிறாள். பஸ் புறப்படும்வரை அப்பா சிரித்த முகமாகவே நிற்கிறார். வீடு திரும்பியதும்தான், "இனி மாதா மாதம் என்ன செய்யப் போகிறோம்?" என்று கணக்குப் போட உட்காருகிறார். உங்கள் வீட்டிலும் இதுதானே நடந்தது?

அந்தக் கணக்கில் பல குடும்பங்கள் எழுத மறந்துவிடும் ஒன்று உண்டு. அதுதான் வருமான வரி.

"நமக்கு ஏது வருமான வரி?" என்பீர்கள். பால் மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் வரும் சம்பளத்துக்குப் பெரும்பாலும் வரி வராதுதான். ஆனால், இன்று தோட்டத்துப் பிள்ளைகள் எண்ணெய் ஆலையில் சூப்பர்வைசர்களாக, லாரி ஓட்டுநர்களாக, பட்டணத்துத் தொழிற்சாலை ஊழியர்களாக இருக்கிறார்கள். ஊழியர் சேமநிதிப் பிடித்தம் போக ஆண்டு வருமானம் 34,000 வெள்ளியைத் தாண்டினால் வரி வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் கழிவும் முடிந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது தவறு. முழுநேரமாகப் படிக்கும், திருமணமாகாத பிள்ளைக்கு 18 வயதுக்குப் பிறகும் கழிவு உண்டு. ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், சான்றிதழ் வகுப்பு என்றால் 2,000 வெள்ளி. உள்நாட்டில் டிப்ளோமாவோ அதற்கு மேலோ படித்தால் 8,000 வெள்ளி. வெளிநாட்டில் என்றால் பட்டப்படிப்புக்குத்தான் இந்த 8,000. படிப்பும் கல்லூரியும் அரசாங்க அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும். வளர்ப்புப் பிள்ளையைச் சட்டப்படி தத்து எடுத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கும் உண்டு.

8,000 வெள்ளியைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வரி போடும் வருமானத்திலிருந்து அந்தத் தொகையைக் கழிப்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பலன் சிறிதல்ல. ஒரு கணக்குப் பார்ப்போம்.

மாதம் 5,000 வெள்ளி வாங்கும் ஒருவர். ஆண்டுக்கு 60,000. மனைவிக்கு வருமானம் இல்லை. தனக்கு 9,000, மனைவிக்கு 4,000, சேமநிதிக்கு 4,000 கழித்தால் மீதி 43,000. மகள் டிப்ளோமா படிக்கிறாள். பழைய நினைப்பில் அவளுக்கு 2,000 மட்டும் எழுதினால் மீதி 41,000. வரி 960 வெள்ளி. சரியாக 8,000 எழுதினால் மீதி 35,000. வரி 600 வெள்ளி. வரி போடும் வருமானம் 35,000 வெள்ளிக்கு மேற்போகாவிட்டால் தனக்கு 400, மனைவிக்கு 400 என்று வரியிலேயே தள்ளுபடி உண்டு. ஆகவே அவர் கட்டவேண்டியது ஒன்றுமில்லை! ஒரே ஓர் எண்ணைத் தவறாக எழுதியதால் 960 வெள்ளி போயிருக்கும். மகளின் பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அது எத்தனை மாதம் வரும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இனி, கவனமாக இருக்கவேண்டிய இடங்கள்.

கணவனும் மனைவியும் வேலை செய்தால், ஒரே பிள்ளையை இருவரும் எழுதக்கூடாது. கூடுதல் வருமானம் உள்ளவர் எழுதுவதே இலாபம். முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். இருவரும் எழுதிவிட்டால் பிறகு தண்டத்தோடு கட்ட நேரிடும்.

தம்பியைப் படிக்கவைக்கும் அண்ணன்மார் நம் தோட்டங்களில் ஏராளம். கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அண்ணனே கட்டினாலும், தம்பியின் பெயரில் அவர் கழிவு கேட்க முடியாது. சட்டம் அதைத் தாய் தந்தைக்கே கொடுத்திருக்கிறது. மனத்துக்குக் கஷ்டமாக இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது.

வேலை செய்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்கும் பிள்ளைக்கும், படிக்கும்போதே திருமணமாகிவிட்ட பிள்ளைக்கும் இந்தக் கழிவு இல்லை.

சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீது, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைப் படிவத்தோடு அனுப்பவேண்டாம். ஆனால், 7 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள்; வாரியம் கேட்டால் காட்டவேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தால் கரையான்தான் படிக்கும்!

சம்பளத்தில் மாதா மாதம் வரி பிடித்துவிட்டார்களே, இனி என்ன என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பிப்ரவரி முடிவதற்குள் முதலாளி ஈஏ படிவம் தருவார். அதைப் பார்த்து, ஏப்ரல் 30க்குள் பிஈ படிவத்தைப் பூர்த்தி செய்யுங்கள். கூடுதலாகப் பிடித்தது உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பி வரும். கணினியில் எழுதத் தெரியாவிட்டால் படிக்கும் மகளையே பக்கத்தில் உட்கார்த்திக் கேளுங்கள். அப்பாவின் சம்பளம் எவ்வளவு, அதில் தனக்காகப் போவது எவ்வளவு என்று அவளும் அன்று தெரிந்துகொள்வாள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாம் கேட்பது யாரிடமும் யாசகம் அல்ல. பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோருக்குச் சட்டம் கொடுத்த உரிமை. இந்த ஆண்டு மறவாமல் கேளுங்கள். அடகுக் கடையிலிருக்கும் அந்தத் தோடு கொஞ்சம் சீக்கிரமாக வீடு திரும்பட்டும்.